உழைக்கும் இடமும் உள்ளத்தின் நலமும்

உழைப்பு உடலுக்கு உரம், சோம்பல் அறிவுக்குத் துரு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கலப்பை பிடித்த கையும் தறியில் மிதித்த காலும் முதுமையிலும் தளராதிருந்ததைத் தம் கண்ணால் கண்டு அவர்கள் அதைச் சொன்னார்கள். ஆயினும் அந்தச் சொல்லுக்குள் ஒரு கேள்வி அடங்கிக் கிடக்கிறது. எந்த உழைப்பு? காலையில் கடை திறந்தது முதல் இரவில் கதவடைக்கும்வரை துணிக்குவியல்களுக்கு நடுவே நின்றபடியே இருக்கும் பெண்ணும் உழைக்கிறாள். நாற்காலியைவிட்டு எழாமல் கணினித் திரையில் ஒரே வகைப் படிவத்தை நாளெல்லாம் நிரப்பிக்கொண்டிருக்கும் இளைஞனும் உழைக்கிறான். கொத்தனாரும் வழக்கறிஞரும் செவிலியரும் உழைக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் உழைப்பு ஒரே விதமான நலத்தைத் தருகிறதா? தரவில்லை என்றால், அந்த வேறுபாட்டுக்கு யார் பொறுப்பு?

முதற்கேள்விக்கு விடை காண மருத்துவ ஆய்வாளர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றுவருகிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் சில மிகவும் சுவையானவை. இரண்டாவது கேள்விக்கு அளவுகோலும் தராசும் உதவா. அது அறநெறி சார்ந்த கேள்வி. ஆனால் முதற்கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இரண்டாவதை அணுகினால் வெறும் இரக்கப் பேச்சாக முடிந்துவிடும். ஆகவே லண்டன் மாநகரத்துப் பேருந்திலிருந்து தொடங்குவோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் மாரடைப்பால் இறப்போர் தொகை பெருகிவந்தது. காரணம் விளங்கவில்லை. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவர், மக்கள் செய்யும் தொழிலில் ஏதேனும் துப்புக் கிடைக்குமா என்று தேடினார். லண்டனின் சிவப்பு நிற மாடிப் பேருந்துகள் அவருக்குக் கைகொடுத்தன. ஒவ்வொரு வண்டியிலும் இருவர் பணிபுரிந்தனர். இருவரும் ஏறத்தாழ ஒரே சமூக நிலையினர். ஒரே தெருக்களில், ஒரே புகையையும் மழையையும் கண்டு பயணம் செய்தனர். ஓட்டுநர் தம் பணிநேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உட்கார்ந்தே இருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு பணிநாளில் அவர் கடந்த படிகள் 500 முதல் 750 வரை என்று கணக்கிட்டார்கள். 1949, 1950 ஆண்டுகளில் லண்டன் போக்குவரத்துப் பணியில் இருந்த 35 முதல் 64 வயதுவரையிலான ஏறத்தாழ 31,000 ஆண்களின் பதிவுகளை மாரிஸ் ஆராய்ந்தார். முடிவுகள் 1953இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தன. நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் அது காலம் தாழ்த்தி வந்தது. உடனடியாக உயிரைப் பறிப்பதும் குறைவாக இருந்தது.

மாரிஸிடம் எனக்குப் பிடித்தது அவருடைய ஐயுறும் குணம். தம் முடிவையே அவர் குறுக்கு விசாரணை செய்தார். நிறுவனம் ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவைத் திரட்டிப் பார்த்து, 1956இல் அதையும் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டனர். எந்த வயதிலும் ஓட்டுநர்களின் கால்சட்டை நடத்துநர்களுடையதைவிட அகலமாக இருந்தது. இளைஞர்களிடையேகூட அப்படித்தான். அப்படியானால் வேலை உடலை உருவாக்கியதா, அல்லது உடல்வாகுக்கு ஏற்ற வேலையை ஆள்கள் தேடிக்கொண்டார்களா? பிற்காலத்து ஆய்வுகள் பலவும் உடலியக்கத்தின் பக்கமே சாட்சி சொல்லியிருக்கின்றன என்றாலும், இந்தக் கேள்வியைத் தாமே எழுப்பிய நேர்மை அரிது. மாரிஸ் 99 வயதுவரை வாழ்ந்து 2009இல் மறைந்தார். அவர் படிகளை எண்ணிய அந்த நடத்துநர் குலம் லண்டனில் ஏறக்குறைய முடிந்துபோயிற்று. பழைய மாடிப் பேருந்துகள் 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து விலக்கப்பட்டபோது அவரும் இறங்கிவிட்டார். நம் ஊர்ப் பேருந்துகளில் அவர் இன்னும் விசிலோடு நிற்கிறார்.

இதயத்தைப் பற்றிச் சொன்னது மூளைக்கும் பொருந்தும். உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் கெட்டால் நினைவும் சிந்தனையும் கெடுகின்றன. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் முதியோர் 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் வேகமாக நடந்தார்கள். மற்றவர்கள் கைகால்களை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளை மட்டும் செய்தார்கள். ஓராண்டு முடிவில், நடந்தவர்களின் மூளையில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி நூற்றில் இரண்டு பங்கு வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு அது வயதின் போக்கில் சுருங்கியிருந்தது.

நினைவுப் பெட்டகம் என்று சொல்லத்தக்க இந்த ஹிப்போகாம்பஸ் நம்மை மீண்டும் அதே லண்டன் தெருக்களுக்கு அழைத்துச் செல்கிறது. இம்முறை பேருந்தில் அல்ல, டாக்சியில்.

லண்டனில் கறுப்பு நிற டாக்சி ஓட்ட உரிமம் பெறுவது எளிதன்று. நகரின் நடுவே உள்ள சேரிங் கிராஸ் என்னும் இடத்திலிருந்து ஆறு மைல் சுற்றளவில் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களையும், அவற்றிலுள்ள முக்கிய இடங்களையும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழியையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘அறிவு’ என்பதே. தயாராக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். சிறு வண்டியில் வரைபடத்தோடு தெருத்தெருவாக அலைந்து கற்பார்கள். பலர் நடுவிலேயே கைவிடுவார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நரம்பியல் அறிஞர் எலனோர் மக்வயர் (இவர் 2025இல் மறைந்தார்) இந்த ஓட்டுநர்கள் 16 பேரின் மூளையைப் படமெடுத்து 2000ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. தொழிலில் அதிக ஆண்டுகள் கழித்தவர்களுக்கு அது மேலும் பெரிதாக இருந்தது.

மாரிஸுக்கு எழுந்த அதே ஐயம் இங்கும் எழும் அல்லவா? பிறவியிலேயே வழி காணும் திறன் வாய்ந்தவர்கள்தாம் டாக்சி ஓட்ட வருகிறார்களோ? மக்வயரும் உடன் ஆய்வாளரும் பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலேயே படமெடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தொடக்கத்தில் அவர்களுக்குள் வேறுபாடு தென்படவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தேர்வில் வென்ற 39 பேரின் மூளையில் மட்டும் வளர்ச்சி தெரிந்தது. 2011இல் வெளிவந்த இம்முடிவு, முதிர்ந்த மனிதனின் மூளையையும் அவன் செய்யும் வேலை செதுக்குகிறது என்பதற்கு வலுவான சான்று.

ஆனால் என்னை அதிகம் சிந்திக்கவைத்தது இவ்விரண்டுக்கும் இடையில் 2006இல் வந்த சிறிய ஆய்வுதான். அதில் டாக்சி ஓட்டுநர்களைப் பேருந்து ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார்கள். இருவரும் அதே நகரத்தில், அதே நெரிசலில், நாள் முழுவதும் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவர்கள். இருவரும் மனிதர்களை ஏற்றி இறக்குகிறவர்கள். பேருந்து ஓட்டுநருக்கு வழி முன்னரே வகுக்கப்பட்டுவிட்டது. அவர் அதைப் பின்பற்றினால் போதும். டாக்சி ஓட்டுநரோ ஒவ்வொரு முறையும் தாமே வழியைத் தீர்மானிக்கிறார். மூளையின் அந்தப் பகுதி டாக்சி ஓட்டுநரிடம்தான் வளர்ந்திருந்தது. வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது: ஹிப்போகாம்பஸின் முன்பகுதி அவர்களிடம் சிறுத்திருந்தது, புதிய உருவங்களை நினைவில் கொள்ளும் சில சோதனைகளில் அவர்கள் பின்தங்கினார்கள். எதையும் இலவசமாகக் கொடுக்கும் பழக்கம் இயற்கைக்கு இல்லை போலும்.

2024 டிசம்பரில் ‘பிரித்தானிய மருத்துவ இதழ்’ வெளியிட்ட ஓர் ஆய்வையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். அமெரிக்காவில் 2020 முதல் 2022 வரை இறந்த ஏறத்தாழ 90 இலட்சம் பேரின் இறப்புச் சான்றுகளைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். இறந்த டாக்சி ஓட்டுநர்களில் அல்சைமர் என்னும் மறதிநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடம் அதற்கும் குறைவு. பேருந்து ஓட்டுநர்களிடம் நூற்றுக்கு மூவர். இதைக் கொண்டு டாக்சி ஓட்டினால் மறதிநோய் வராது என்று முடிவுகட்டிவிடக்கூடாது. நினைவு மங்கத் தொடங்கியவர்கள் அத்தொழிலை முன்னரே விட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள். எனினும் வழி தேடும் மனிதனுக்கும் வழியைப் பின்பற்றும் மனிதனுக்கும் இடையே உள்ள தொலைவை இந்த எண்களும் தொட்டுக்காட்டுகின்றன.

இங்கே ‘சுறுசுறுப்பான வேலை’ என்ற சொற்றொடருக்கு இரு பொருள் இருப்பது தெளிவாகிறது. ஒன்று நடத்துநருடையது: கால்கள் இயங்குவது. மற்றொன்று டாக்சி ஓட்டுநருடையது: தீர்மானிக்கும் ஆற்றல் இயங்குவது. இந்த இரண்டாவது பொருளை முதலில் கோட்பாடாக வகுத்தவர் ராபர்ட் காரசெக் என்னும் அமெரிக்க அறிஞர். ஒரு வேலை மனிதனிடம் நிறையக் கேட்கிறது, அதே நேரத்தில் அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையையும் அவனுக்குத் தருகிறது என்றால், அதுவே சுறுசுறுப்பான வேலை என்று 1979இல் அவர் எழுதினார். நிறையக் கேட்டுவிட்டு உரிமையைத் தராத வேலை மனிதனை நசுக்குகிறது. எதையும் கேட்காமல், எந்த உரிமையும் தராமல் இருக்கும் வேலையோ அவனைத் தூங்கவைக்கிறது. 2021இல் ‘பிரித்தானிய மருத்துவ இதழில்’ வெளியான பெரிய ஆய்வு ஒன்று இதே அளவுகோலைக் கொண்டு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. சிந்தனைக்கு இடம் தந்த வேலைகளில் இருந்தவர்களிடையே, ஓராண்டுக்கு 10,000 பேரில் ஐவருக்கும் குறைவாகவே மறதிநோய் கண்டது. சிந்தனைக்கு இடம் தராத வேலைகளில் இருந்தவர்களிடையே அது ஏழுக்கும் மேல். படிப்பு முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வேறுபாடு முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1985இல் தொடங்கி லண்டனின் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரைத் தொடர்ந்துவந்த ஒயிட்ஹால் ஆய்வும், தம் வேலைமீது ஆளுமை இல்லாத கீழ்நிலை ஊழியர்களுக்கு இதயநோய் மிகுதி என்று சொன்னது.

கால்கள் இயங்கினால் மட்டும் போதும் என்று எண்ணுவோர்க்கு டென்மார்க்கிலிருந்து ஒரு செய்தி. கோபன்ஹேகனில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு இது. ஓய்வுநேரத்தில் உடலை இயக்குகிறவர்களின் ஆயுள் நீண்டது. வேலையில் உடலை மிகுதியாக இயக்குகிறவர்களின் ஆயுளோ குறைந்தது. அதே உடல், அதே தசைகள். ஆனால் ஒருவர் தாம் விரும்பியபோது தொடங்கி, மூச்சு வாங்கினால் நிறுத்துகிறார். மற்றவர் எட்டு, பத்து மணி நேரம் பாரம் தூக்குகிறார் அல்லது நிற்கிறார். களைப்பு வந்தாலும் நிறுத்த முடியாது, மறுநாள் உடல் தேறுவதற்குள் மீண்டும் அதே வேலை. நாளெல்லாம் ஏறிய இரத்த அழுத்தம் இறங்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை. அந்நாட்டிலேயே 1970களில் பணியில் இருந்த ஆண்களைத் தொடர்ந்து கவனித்த மற்றோர் ஆய்வு, கடும் உடலுழைப்பில் கழித்தவர்களுக்கு முதுமையில் மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2020இல் கூறியது. கலப்பை பிடித்த கையைப் புகழ்ந்த நம் முன்னோரை இது மறுக்கிறது என்று நான் கருதவில்லை. தன் நிலத்தில் தன் வேகத்தில் உழுது, வெயில் ஏறினால் மரநிழலில் அமர்ந்தவனுக்கும், மற்றவர் நிலத்தில் கங்காணியின் கண்பார்வையில் குனிந்தே நின்றவனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அவர்களும் அறிந்தே இருந்தார்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்து மாநிலத்துத் தெரு ஒன்று நினைவுக்கு வருகிறது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகளும் பிற கடைகளும் நெருங்கி நிற்கும். அங்கே வேலைசெய்த பெண்கள் நாள் முழுவதும் நிற்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது. கழிப்பறை இல்லாத கடைகள் இருந்தன. ஆகவே தண்ணீர் குடிப்பதையே பெண்கள் தவிர்த்தார்கள். தையல் தொழிலாளியான விஜி என்பவர் 2009இல் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி இப்பெண்களை ஒன்றுதிரட்டினார். முதலில் கழிப்பறை, பிறகு நாற்காலி. இவையே அவர்களுடைய கோரிக்கைகள்! 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையை அளித்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் தனது 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும். வேலைக்கிடையே உட்கார வாய்ப்பு நேரும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

இதை எண்ணிப் பார்க்கும்போது காலத்தின் முரண் ஒன்று கண்ணில் படுகிறது. குளிரூட்டிய அலுவலகங்களில், உட்கார்ந்தே இருப்பது கெடுதல் என்று சொல்லி, நின்றுகொண்டு வேலைசெய்வதற்கான உயர மேசைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறார்கள். அடுத்த தெருத் துணிக்கடையில் ஒரு முக்காலிக்காகப் பெண்கள் சட்டத்தை நாட வேண்டியிருந்தது. நிற்பது நல்லதா, உட்காருவது நல்லதா என்று கேட்டால் இருதரப்புக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. அந்த அலுவலக ஊழியருக்குக் கிடைத்திருப்பது மேசை மட்டுமன்று. வேண்டும்போது நிற்கவும் அலுத்தால் அமரவும் உள்ள உரிமை. கடைப்பெண்ணிடமிருந்து பறிக்கப்பட்டிருந்ததும் அதே உரிமைதான். சட்டத்தில் உள்ள ‘வாய்ப்பு நேரும்போது’ என்ற கருத்தையும் சற்று உற்றுநோக்க வேண்டும். வாய்ப்பு நேர்ந்துவிட்டது என்று அறிவிப்பது யார்? அந்தப் பெண்ணா, மேற்பார்வையாளரா? நாற்காலி கடைக்குள் வந்துவிடலாம். அதில் அமர்வதற்கு முன் அவள் யார் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை எந்த ஆய்வாளராலும் பதிவேட்டில் குறிக்க இயலாது.

வேலை மனிதனின் மூளையைச் செதுக்குகிறது என்பது உண்மையானால், வேலையை வகுத்துக் கொடுப்பவர் ஒரு மனிதனின் சிந்திக்கும் ஆற்றலில் கைவைக்கிறார் என்பதும் உண்மையாகிறது. இது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. 1776இல் ஆடம் ஸ்மித் தம் பெருநூலில் குண்டூசித் தொழிற்கூடம் ஒன்றை வருணித்தார். ஒரு குண்டூசி செய்யும் வேலையைப் பதினெட்டுச் செயல்களாகப் பிரித்துக்கொண்டதால், பத்துப் பேர் நாளொன்றுக்கு 48,000 குண்டூசிகளைச் செய்தார்கள் என்று வியந்தார். பொருளாதார நூல்கள் இந்தப் பகுதியை ஓயாமல் எடுத்துச் சொல்லும். அதே நூலின் பிற்பகுதியில், ஓரிரு செயல்களையே வாழ்நாளெல்லாம் செய்பவன் தன் அறிவைப் பயன்படுத்தும் வாய்ப்பை இழந்து மந்தமாகிவிடுகிறான் என்று அவரே கவலைப்பட்டதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதற்கு மருந்தாக ஏழைகளின் பிள்ளைகளுக்குப் பொதுக்கல்வி தர வேண்டும் என்றார். நல்ல மருந்துதான். ஆனால் நோய் பிறந்த தொழிற்கூடத்தை அவர் தொடவில்லை.

அந்தத் தொழிற்கூடத்துக்குள்ளேயே நுழைந்து பேசியது திருச்சபையின் சமூகப் படிப்பினை. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலைபற்றி எழுதிய சுற்றுமடலின் 90ஆம் ஆண்டு நினைவாக, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். அது 1981 மே 15இல் வெளிவந்திருக்க வேண்டும். இரண்டு நாள் முன்னதாக அவர் சுடப்பட்டார்; மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்னரே அதற்கு இறுதி வடிவம் கொடுக்க முடிந்தது; செப்டம்பர் 14இல் வெளியிட்டார். உழைப்புக்கு இரு முகங்கள் உண்டு என்கிறது அம்மடல். உழைப்பினால் விளையும் பொருள் ஒரு முகம். உழைக்கும் ஆள் மற்றொரு முகம். உழைப்பின் மாண்பு, செய்யப்படும் வேலை எத்தகையது என்பதைவிடச் செய்பவர் ஒரு மனித ஆள் என்பதிலேயே ஊன்றியிருக்கிறது. தான் ஒரு பெரிய எந்திரத்தின் சிறு பல்சக்கரம், மேலிருந்து யாரோ தன்னைச் சுழற்றுகிறார்கள் என்ற உணர்வு தொழிலாளிக்கு வருமானால், ஊதியம் சரியாக இருந்தாலும் அவருக்கு அநீதி நேர்ந்திருக்கிறது என்பதே அதன் போக்கு.

இதை எழுதியவர் உழைப்பை நூல்களில் மட்டும் கண்டவர் அல்லர். போலந்தை நாசிகள் ஆண்ட காலத்தில், 1940இல் கிராக்கோவ் நகருக்கருகே கல்லுடைக்கும் சுரங்கத்திலும், பின்னர் சோல்வே இரசாயனத் தொழிற்சாலையிலும் அவர் தொழிலாளியாக இருந்தார். இரவுப் பணியில் அவர் கையில் புத்தகம் இருப்பதைச் சக தொழிலாளர்கள் தடுக்கவில்லை. வேலையைத் தாங்கள் கவனித்துக்கொள்வதாகச் சொல்லி அவருக்குப் படிக்க நேரம் கொடுத்தார்கள். குருத்துவப் பொன்விழாவின்போது எழுதிய நினைவுகளில் அவரே இதை நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். மனிதனைப் பல்சக்கரமாக ஆக்கும் நோக்கம் கொண்ட ஓர் ஆட்சியில், அந்த எளிய மனிதர்கள் ஒரு வேலையிடத்துக்குள் இன்னோர் இடத்தை உண்டாக்கித் தந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இனி ஒரு மறுப்புக்கு விடை கூற வேண்டும். பக்தியுள்ள வாசகர் சிலர் கேட்கலாம்: எந்த எளிய வேலையையும் இறைவனுக்கு ஒப்புக்கொடுத்துச் செய்தால் அது புனிதமாகிவிடாதா? வேலையின் தன்மையைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு? இதற்குச் சான்றாக 17ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த கார்மேல் சபைச் சகோதரர் லாரன்சைச் சொல்வார்கள். மடத்துச் சமையலறையில் பானைகளுக்கும் கரண்டிகளுக்கும் நடுவில் அவர் இறைப்பிரசன்னத்தில் வாழ்ந்தார் என்பது உலகறிந்தது. அவர் பெற்ற அமைதியை நான் ஐயுறவில்லை. ஆனால் அவர் வரலாற்றின் ஒரு சிறு செய்தியை மறைஉரைகளில் நான் கேட்டதில்லை. பல ஆண்டுகள் சமையலறையில் உழைத்த பிறகு கால்நோயினால் அவரால் நிற்க முடியாமற்போயிற்று. மடத்தார் அவரை மிதியடி தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அது உட்கார்ந்து செய்யும் வேலை. எந்த வேலையிலும் இறைவனைக் காணத் தெரிந்தவர்தானே, நிற்கட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஒருவர் தம் சிலுவையைப் பொறுமையோடு சுமப்பது அவருடைய புண்ணியம். அந்தப் பொறுமையைக் கணக்கில் வைத்து அவர்மீது சுமையை ஏற்றுவது வேறொருவருடைய பாவம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில் வேலை கொடுப்பவர்களுக்கு வசதி உண்டு.

வேலை கொடுப்பவர்கள் என்றதும் நம் எண்ணம் துணிக்கடை முதலாளிகளிடம் ஓடிவிடுகிறது. பள்ளிகள், மருத்துவமனைகள், விடுதிகள், அச்சகங்கள், ஆலயங்கள் என்று நம் கண்காணிப்பில் எத்தனை பேர் உழைக்கிறார்கள்! நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் அம்மாள் எங்கே அமர்ந்து காப்பி குடிக்கிறார் என்பதும் இந்தப் பொருளுக்குள் அடங்கியதே.

தென்மாவட்டத்துப் பங்குகளில் கோவில்பிள்ளைகளைப் பாருங்கள். எழுபதைக் கடந்தும் அதிகாலையில் மணியடித்து, பீடத்தை ஒழுங்குசெய்து, மெழுகுதிரிகளைக் கணக்குப் பார்த்து, யார் வீட்டில் எந்த நாளில் நினைவுத் திருப்பலி என்பதை ஏடு புரட்டாமல் சொல்லிவிடுவார்கள். சம்பளம் சொற்பம். அதைச் சரிசெய்யாமல் அவர்களுடைய நினைவாற்றலை மட்டும் மெச்சுவது முறையாகாது. ஆனால் அந்த வேலையில் நடை இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள், திருவிழாவுக்குத் திருவிழா மாறும் ஒழுங்குகள் இருக்கின்றன. எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்பதை அவர்களே முடிவுசெய்கிறார்கள். புதிதாக வந்த பங்குத்தந்தையும் அவர்களிடம்தான் கேட்டுக்கொள்கிறார்.

அதே வளாகத்தின் வாயிலில் காவலர் ஒருவர் இருப்பார். பன்னிரண்டு மணி நேரப் பணி. அவருக்கு நாற்காலி உண்டு, சட்டத்துக்குக் குறையில்லை. வண்டிகளின் எண்ணைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நாளிதழ் பிரித்தால் அது கவனக்குறைவு என்று சில நிறுவனங்களில் எச்சரிக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு வண்டியும் வராத வாயிலில், எண்ணுவதற்கும் எழுதுவதற்கும் எதுவுமில்லாத நேரத்தில், அவர் விழித்திருக்க வேண்டும்; ஆனால் மனத்தை எதிலும் செலுத்தக்கூடாது. மணிக்கொரு முறை வளாகத்தைச் சுற்றிவர அவரைக் கேட்டுக்கொள்ளலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பொறுப்பில் ஒரு பங்கை, அவர் விரும்பினால், தரலாம். எந்த விளக்கு எரிய வேண்டும், எந்தக் கதவு எப்போது பூட்ட வேண்டும் என்பதை நிர்வாகக் குழு முடிவெடுக்குமுன் அவரிடம் ஒரு சொல் கேட்கலாம், ஏனெனில் இரவில் அந்த வளாகத்தை அறிந்தவர் அவர் ஒருவரே. புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொள்ளவும் விடலாம். நிர்வாகக் குழுக்களின் ஆண்டுக் கூட்டங்களில் சம்பள உயர்வு பேசப்படும், பேசப்பட வேண்டும். அந்தப் பட்டியலில் இவற்றையும் சேர்த்துப் பேசுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.